பாரிஸ் செபநூலின் ஏடு ஒன்று: தோல், மாசிக்காய் மை, பொன், நீலம்

1410ஆம் ஆண்டளவில் பாரிஸ் பட்டறைகளிலிருந்து வெளிவந்த வேளைச் செபநூல்களின் பாணியில், அக்காலத்துப் பொருள்களையும் முறைகளையும் இயன்றவரை பின்பற்றி, ஓர் ஏட்டை இரு பக்கமும் செய்து பார்த்ததன் பதிவு இது. மடங்களில் துறவியர் நாளொன்றுக்கு எட்டு வேளை ஓதிய செபங்களின் சுருக்கமே வேளைச் செபநூல். குருமாருக்காக அன்றி, இல்லறத்தார் வீட்டில் வைத்துத் தாமே ஓதுவதற்காக எழுதப்பட்டதால், அரசிகளின் அறையிலும் அது இருந்தது, வசதியுள்ள வணிகர் வீட்டிலும் இருந்தது. நான் எடுத்துக்கொண்டது அதன் மையப் பகுதியான மரியன்னை செபங்களின் தொடக்கப் பக்கம்: ‘தோமினே, லாபியா மேயா அபேரியெஸ்’, அதாவது ‘ஆண்டவரே, என் இதழ்களைத் திறந்தருளும்’ என்று தொடங்கும் வைகறைச் செபம். லத்தீனில் அதன் முதலெழுத்தான ‘டி’ (D) மூன்று வரி உயரத்தில், பொன் தளத்தின்மேல் நீல நிறத்தில் நிற்கும். ஓரங்களில் ஐவிக் கொடி பொன்னிலைகளோடு படரும்.

இந்நூல்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே, பெர்ரி கோமகனுக்காக லிம்பூர்க் சகோதரர்கள் மூவர் 1411 முதல் 1416 வரை தீட்டிய, இன்று ஷாந்தியி நகரின் கோந்தே அருங்காட்சியகத்தில் இருக்கும் நூலின் மாதக் காட்சிகள்தாம் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். அவற்றை நகலெடுக்கத் தேர்ந்த ஓவியரின் கை வேண்டும். அதோடு, ஒரு பட்டறையின் அன்றாட உழைப்பு பிடிபட வேண்டுமானால் முழுப்பக்க ஓவியத்தைவிட ஓரக்கொடியைச் செய்து பார்ப்பதே மேல் என்பது என் எண்ணம். பாரிஸில் வாழ்ந்த எழுத்தாளர் கிறிஸ்தீன் தெ பிசான் 1405இல் எழுதிய பெண்களின் நகரம் பற்றிய நூலில், அனஸ்தேஸ் என்ற பெண்ணைப் பற்றிச் சில வரிகள் வருகின்றன. ஓரக்கொடிகளும் காட்சிப் பின்னணிகளும் தீட்டுவதில் பாரிஸ் முழுவதும் அவளுக்கு இணையில்லை என்றும், அவள் வேலைக்கு விலை மிகுதி என்றும், தன் நூல்களுக்கும் அவள் தீட்டிக் கொடுத்ததால் இதைத் தாம் நேரடியாக அறிவதாகவும் கிறிஸ்தீன் சொல்கிறார். உறுதியாக அவளுடையது என்று காட்டத்தக்க பக்கம் எதுவும் இன்று இல்லை. என்னைப் பொறுத்தவரை இந்த ஏடு அனஸ்தேஸின் தொழிலைப் புரிந்துகொள்ளும் முயற்சி.

பொருள்களைத் தேடி முதலில் போன இடம் நாட்டு மருந்துக் கடை. மைக்கு மாசிக்காயும் அன்னபேதியும், வண்ணத்தைப் பிணைக்கக் கருவேலம் பிசின், சாயத்தைப் படியவைக்கப் படிகாரம், இளஞ்சிவப்புக்குப் பதிமுகச் சீவல், பொன்னின் அடித்தளத்துக்குக் கல்கண்டு, காவிக்கல் என ஏறக்குறைய எல்லாமே அங்குக் கிடைத்துவிட்டன. எந்த வைத்தியர் எழுதிக் கொடுத்த மருந்து இது என்று கடைக்காரர் கேட்டதில் வியப்பில்லை. அக்கால ஐரோப்பாவிலும் வண்ணக்காரர்கள் மருந்துச் சரக்கு விற்பவர்களிடமே வண்ணப் பொருள்களை வாங்கினார்கள். இத்தாலியரான சென்னினோ சென்னினி 1400ஆம் ஆண்டளவில் எழுதிய கைவினைக் கையேட்டில், சிவப்பு வண்ணத்துக்கான சாதிலிங்கத்தை ஒருபோதும் பொடியாக வாங்காதே, உடைக்காத கட்டியாகவே வாங்கு, பொடியில் சிவப்பு ஈயமோ செங்கல் தூளோ கலந்திருப்பார்கள் என்று எச்சரிக்கிறார். நானும் கட்டியாகவே கேட்டு வாங்கினேன். சாதிலிங்கம் பாதரசச் சேர்மம் என்பதால், அதைத் தண்ணீர் விட்டு ஈரமாகவே, முகக்கவசம் அணிந்துதான் அரைக்க வேண்டும். உலர்ந்த தூள் காற்றில் எழவே கூடாது.

தோல் எனக்குத் தோற்கருவி செய்பவர் ஒருவரிடமிருந்து கிடைத்தது. எழுதும் தோலும் மத்தளத்தோலும் அடிப்படையில் ஒரே பொருள்தான்: சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து மயிர் நீக்கி, பதனிடாமல் இழுத்துக் கட்டி உலர்த்திய தோல். வேறுபாடு தடிமனில் இருக்கிறது. ஆட்டுத்தோலை மீண்டும் ஊறவைத்து மரச்சட்டத்தில் கட்டினேன். ஓரத்தைத் துளையிட்டுக் கட்டினால் உலரும்போது கிழிந்துவிடும். ஆகவே ஓரத்தில் ஆங்காங்கே ஒரு கூழாங்கல்லை வைத்துத் தோலை அதன்மேல் மடித்து, அந்த முடிச்சின் கழுத்தில் கயிறு கட்டுவது பழைய முறை. ஈரம் வற்ற வற்றக் கயிறுகளை முறுக்கிக்கொண்டே, பிறைவடிவக் கத்தியால் சுரண்ட வேண்டும். இழுவிசையில் உலரும்போதுதான் தோலின் நார்கள் தளத்துக்கு இணையாகப் படிந்து, ஒளி ஊடுருவும் மஞ்சள் நிறம் போய் வெண்மை வருகிறது. பின்னர் நுரைக்கல்லால் தேய்த்து, சுண்ணக்கட்டிப் பொடியால் எண்ணெய்ப் பசையை எடுத்தேன். 13ஆம் நூற்றாண்டுச் சிறு விவிலியங்களின் மெல்லிய தோல் பிறவாத கன்றின் தோல் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. 2015இல் வெளியான ஆய்வு ஒன்றில், அழிப்பானால் ஏட்டை மெல்லத் தேய்த்தெடுத்த துகள்களிலிருந்த புரதங்களைச் சோதித்து, கன்று, வெள்ளாடு, செம்மறி என அந்தந்தப் பகுதியில் கிடைத்த விலங்குகளின் தோலே அது, மென்மை வந்தது செய்நேர்த்தியால்தான் என்று கண்டார்கள். சட்டத்தின் முன் நின்று சுரண்டியவர்கள் இதை நம்பத் தயங்க மாட்டார்கள்.

மை எளிது. இடித்த மாசிக்காயை மழைநீரில் ஊறவைத்து வடிகட்டி, அன்னபேதியும் பிசினும் சேர்த்தால் முடிந்தது. எழுதும் நொடியில் வெளிறிய சாம்பல் நிறத்தில் இருக்கும் வரி, அடுத்த வரியை எழுதும்போதே காற்றுப் பட்டுக் கறுத்துக்கொண்டு வரும். வாத்திறகைச் சூடான மணலில் செருகி உறுதியாக்கி, முனையை அகலமாக வெட்டிக்கொண்டேன். இளஞ்சிவப்பு மையால் கோடிட்டு, எழுத்து முழுவதையும் முதலில் எழுதி, முதலெழுத்துக்கு இடம் விட்டேன். எழுத்து, பொன், வண்ணம், கடைசியில் வெள்ளைக் கீற்றும் கருங்கோடும் என்ற வரிசையை மாற்ற முடியாது. வண்ணத்துக்குப் பின் பொன் வைத்தால், வண்ணத்திலுள்ள பிசின் பொன்னைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும். மெருகுக்கல் வண்ணத்தையும் சேர்த்துத் தேய்த்துவிடும்.

இனிப் பொன்னின் அடித்தளம். தஞ்சாவூர் ஓவியத்தின் மக்கும் இதுவும் ஓரினம்தான். அங்கே அது உருவத்தை மேடாக்குவதற்கு, இங்கே மெருகைத் தாங்குவதற்கு. சென்னினியின் முறைப்படி, பாரிஸ் சாந்தைத் தொட்டி நிறைய நீரில் போட்டு, இறுகிவிடாதபடி ஒரு மாதம் நாள்தோறும் கலக்கி, பட்டுப்போன்ற மென்களிம்பாக்க வேண்டும். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாத ஈய வெள்ளை, அதைவிடக் குறைவாகக் கல்கண்டு. ஈய வெள்ளை நஞ்சு என்பதால் டைட்டானியம் வெள்ளையை வைத்துக்கொண்டேன். மினுமினுப்பில் சற்றுக் குறைவு தெரிகிறது என்றாலும் அது ஏற்கத்தக்க இழப்பு. காவி சேர்ப்பது, வெள்ளைத் தோலில் எங்கே வைத்தோம் என்று கண்ணுக்குத் தெரிவதற்கும் பொன்னுக்கு வெதுவெதுப்பான நிறம் தருவதற்கும். எல்லாவற்றையும் கண்ணாடிப் பலகையில் அரைத்துச் சிறு வில்லைகளாக உலர்த்தி, வேண்டும்போது முட்டை வெண்கருநீர் விட்டுக் கரைத்தேன். வெண்கருவை நுரை பொங்க அடித்து இரவு முழுவதும் வைத்தால் அடியில் தெளிநீர் இறங்கும், அதுதான் பயன்படும். கலவையில் குமிழி வந்தால் உலர்ந்தபின் பொன்னில் அம்மைத் தழும்பு விழும். குமிழி அடங்கக் காதுக் குறும்பியில் துளி சேர்க்கச் சொல்லும் பழங்குறிப்புகளும் உண்டு. நான் ஊசி முனையால் ஒவ்வொன்றாகக் குத்தியதோடு நிறுத்திக்கொண்டேன்.

கல்கண்டு எதற்கு என்பது செய்யும்போதுதான் விளங்குகிறது. சர்க்கரை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவதால், உலர்ந்த அடித்தளம் மூச்சுப் பட்டதும் சற்றே பிசுபிசுக்கிறது. அந்தச் சில நொடிகளுக்குள் பொன் இதழை வைத்து அழுத்த வேண்டும். கல்கண்டு குறைந்தால் பொன் பிடிக்காது, ஏட்டை வளைக்கும்போது அடித்தளமும் வெடிக்கும். கூடினாலோ மெருகுக்கல்லின் கீழ் குழைந்துவிடும். குளிர்நாட்டுக் கையேடுகள் பொன் வேலைக்கு ஈரமான காலைப் பொழுதைத் தேர்ந்துகொள்ளச் சொல்கின்றன. நான் இருக்கும் கடற்கரை ஊரில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. இங்குச் சிக்கல் நேரெதிரானது. பொன் வைத்த இடத்தில் மட்டுமன்றி, விரல் பட்ட இடத்திலெல்லாம் ஒட்டிக்கொள்கிறது. சுற்றிலும் சுண்ணப்பொடியைத் துணியில் கட்டித் தட்டிவிட்டு, விடியற்காலையில் பொன்னை ஒட்டி, மெருகை மட்டும் நண்பகலுக்குப் பின், காற்று உலர்ந்த நேரத்துக்குத் தள்ளிவைத்தது பலன் தந்தது. மூச்சையும் வாயால் நேரடியாக ஊதாமல், மெல்லிய மூங்கில் குழல் வழியே, வயிற்றிலிருந்து வரும் வெதுவெதுப்பான காற்றாக விட வேண்டும். இல்லாவிட்டால் எச்சில் துளி தெறித்து அடித்தளம் கரைந்துவிடும்.

தஞ்சாவூர் ஓவியத்துக்கு விற்கும் தங்க ரேக்கு இதற்கு ஒத்துவரவில்லை. அது கனமானது, கோந்தில் ஒட்டுவதற்கென்றே ஆனது. மூச்சீரத்துக்கு இறங்கி அடித்தளத்தோடு ஒன்றாது. மிக மெல்லிய பொன் இதழ் வாங்க வேண்டியிருந்தது. தூக்காத்து என்ற பொற்காசு ஒன்றிலிருந்து 145 இதழ் அடிக்கிறார்கள், ஆனால் தட்டையான பரப்புக்கு 100 மட்டுமே அடித்த கனமான இதழ் நல்லது என்று சென்னினி இதழின் கனத்தைப் பற்றியும் கணக்குச் சொல்கிறார். மெருகிட அக்காலத்தார் நாயின் பல்லையோ, வழவழப்பான கடினக் கல்லையோ கைப்பிடியில் பொருத்திக்கொண்டார்கள். நான் பொற்கொல்லர்களின் மெருகுக்கல்லைப் பயன்படுத்தினேன். முதலில் பட்டுத்தாள் வழியாக, பின்பு நேரடியாக. கல் வழுக்கத் தொடங்கும் அந்தக் கணத்தில் மங்கலான மஞ்சள், பக்கத்தைத் திருப்பும் கோணத்துக்கேற்பக் கறுப்பாகவும் வெளிச்சமாகவும் மாறும் உலோகமாகிவிடுகிறது.

பொன்தான் இந்நூல்களில் விலையுயர்ந்த பொருள் என்று நினைப்பது இயல்பு. முதலெழுத்துக்கு வைத்த இதழ் தம்பிடி அளவுக்கும் குறைவு; நீலம் என்னைக் கேட்ட உழைப்போடு பார்த்தால் பொன் ஒன்றுமே இல்லை. உயர்ந்த நீலம், இன்றைய ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷான் மலைகளில் வெட்டியெடுத்த லாபிஸ் லசுலிக் கல்லிலிருந்து வந்தது. அந்தக் கல்லை வெறுமனே அரைத்தால் கிடைப்பது சாம்பல் தூள். நீலத் துகளை மற்றவற்றிலிருந்து பிரிக்க, ஒரு பவுண்டு கல் தூளுக்கு ஆறு அவுன்ஸ் பைன் பிசின், மூன்று அவுன்ஸ் மஸ்தகி, மூன்று அவுன்ஸ் தேன்மெழுகு என்று உருக்கிக் கலந்து மாவுருண்டையாக்கி, குறைந்தது மூன்று நாள் வைத்திருந்து, பின் வெதுவெதுப்பான சாம்பற்காரநீரில் இரண்டு கோல்களால் பிசைய வேண்டும். ரூமி மஸ்தகியும் அதே நாட்டு மருந்துக் கடையில்தான் கிடைத்தது. முதலில் சில நேரம் ஒன்றுமே நடக்காது. திடீரென்று நீரில் நீலம் புகையாக இறங்கத் தொடங்கும். முதல் பிசைவில் வருவது ஆழ்நீலம், அடுத்தடுத்தவை வெளிறிக்கொண்டே போகும், கடைசியில் வருவது நீலச் சாயல் கொண்ட சாம்பல்தான். கைப்பிடித் தூளிலிருந்து எனக்குக் கிடைத்த நல்ல நீலம் ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. அதை முதலெழுத்துக்கு மட்டும் ஒதுக்கிவிட்டு, ஓரப் பூக்களுக்கு அசுரைட் என்ற செம்புத்தாதுவை எடுத்துக்கொண்டேன். இந்த விலைகுறைந்த நீலத்தை மையாக அரைக்கக்கூடாது, நுணுகினால் வானவெளிறாகிவிடும். சற்று மணலாகவே விட்டு, பல பூச்சுகளாக ஏற்ற வேண்டும்.

நீலத்தைத் தீட்டும்போது தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கத் தோன்றும். ஜெர்மனியின் தால்ஹைமில் பெண் துறவியர் மடத்துக் கல்லறையிலிருந்து எடுத்த, 997க்கும் 1162க்கும் இடையில் இறந்த, நடுவயது கடந்த பெண் ஒருவரின் பற்காறையில் லாபிஸ் லசுலித் துகள்கள் இருந்ததை 2019இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். தூரிகையை இவ்வாறு நாவால் கூராக்கியதே அதற்கு மிகவும் பொருந்தும் காரணம் என்பது அவர்கள் முடிவு; நூல்களைத் தீட்டிய பெண்களில் பெயர் தெரியாத ஒருவரைப் பற்றிய நேரடிச் சான்று இப்படிப் பல்லிலிருந்து வந்திருக்கிறது. லாபிஸ் கெடுதல் செய்யாது. சாதிலிங்கம் தொட்ட தூரிகையில் அதைச் செய்துவிடக் கூடாது என்பதற்காக, சிவப்புக்கெனத் தனித் தூரிகை வைத்து அதன் காம்பில் நூல் சுற்றிக்கொண்டேன்.

இளஞ்சிவப்பைச் செய்தது சுகமான வேலை. கேரள உணவகங்களில் வெந்நீரை இளஞ்சிவப்பாக்கும் அதே பதிமுகம், இடைக்காலத்தில் இந்தியப் பெருங்கடல் வழியே ஐரோப்பாவுக்குப் போன முக்கியமான சாயமரம். கொல்லத்தில் நேர்த்தியான சாயமரம் கிடைப்பதையும் அது அந்த ஊரின் பெயராலேயே அழைக்கப்பட்டதையும் மார்க்கோ போலோ குறித்திருக்கிறார். சீவலை ஊறவைத்துக் காய்ச்சி, படிகாரம் கரைத்து, அதில் சுண்ணக்கட்டிப் பொடியைத் தூவினால் நுரைத்துப் பொங்கி, நிறம் பொடியில் ஏறிக் கீழே படிகிறது. பொடி கூடினால் ரோஜா நிறம், குறைந்தால் சிவந்த ஆரஞ்சுச் சாயல். வெயில் பட்டால் வெளுத்துவிடும் சாயம்தான். மூடிய புத்தகத்துக்குள் கிடந்ததால் 600 ஆண்டு தாக்குப்பிடித்திருக்கிறது.

இனி அனஸ்தேஸின் வேலை. ஐவிக் கொடியின் ஒவ்வோர் இலையும் மூன்று மடலுள்ள சிறு பொட்டு. பக்கத்துக்கு நூற்றுக்கணக்கில் அடித்தளப் பொட்டுகள் வைத்து, பல இலைகளை ஒரே இதழால் மூடி, ஊதி, அழுத்தி, மிகுந்த பொன்னைத் துடைத்தெடுக்க வேண்டும். துடைத்த தூளைச் சேர்த்து வைத்தேன். பிசினோடு அரைத்தால் தூரிகையில் தொட்டுத் தீட்டும் பொன்னாகும். துடைத்தபின் இலைகளின் விளிம்பு பார்க்கச் சகிக்காது, எலி கடித்ததுபோல இருக்கும். பிறகு இறகின் நுனியால் கறுப்பு மைக்கோட்டை ஒவ்வோர் இலையையும் சுற்றி இழுத்து, முனைகளில் மயிரிழைச் சுருள்களை விட்டதும், கிழிசல் விளிம்பு முழுவதும் கோட்டுக்குள் மறைந்து, இலை வெட்டி எடுத்தது போல நிற்கிறது. அருங்காட்சியகப் படங்களை எத்தனை பெரிதாக்கிப் பார்த்திருந்தாலும் இந்த உத்தி எனக்கு உறைத்ததில்லை. நேர்த்தி பொன்னில் இல்லை, கோட்டில் இருக்கிறது. அந்தக் கோடு நடுங்கினால் பக்கமே மலிவாகிவிடும். சேன் ஆற்றின் இடக்கரையில், இன்று பூத்பிரி என்று வழங்கும் தெருவில் நெருக்கமாகக் குடியிருந்த வண்ணக்காரர்களிடையே இந்த வேலைகள் பிரிந்து கிடந்தன. சிறிய முதலெழுத்துகளுக்கு நூற்றுக்கு இவ்வளவு என்று கூலி பேசுவதும் வழக்கம். கணவனும் மனைவியுமாகத் தொழில் செய்த மோன்பாஸ்தோன் தம்பதியரில் ரிஷார் இறந்தபின், மனைவி ழான் 1353இல், நூல் தொழிலை மேற்பார்த்த பாரிஸ் பல்கலைக்கழகத்தின் முன் உறுதிமொழி எடுத்துத் தொழிலைத் தொடர்ந்தது பதிவாகியிருக்கிறது.

மறுபக்கத்தின் ஓரக்கொடியைப் புதிதாக வரையவில்லை. ஏட்டைச் சாளரத்து வெளிச்சத்தில் பிடித்தால் முன்பக்கக் கொடி நிழலாகத் தெரியும், அதன்மேலேயே இழுத்துவிடலாம். பாரிஸ் பட்டறைகளும் அப்படித்தான் செய்தன. இரு பக்கமும் கொடி ஒன்றின்மேல் ஒன்று விழுவதால், பின்பக்க நிழல் முன்பக்கத்தை அழுக்காக்குவதில்லை.

அங்கே எழுத நான் எடுத்துக்கொண்டது ‘ஒப்செக்ரோ தே’ என்ற மரியன்னை மன்றாட்டு. உண்மையான நூலில் அது வேறிடத்தில் வரும். என்னுடையது பயிற்சி ஏடு. இந்தச் செபத்தை எழுதுபவர், நூல் யாருக்கு என்று முடிவு செய்தே ஆக வேண்டும். ‘உன் ஊழியன் எனக்கு’ என்ற இடத்தில் லத்தீன் சொல் ஆணுக்கு ‘ஃபமுலோ’, பெண்ணுக்கு ‘ஃபமுலே’ என்று மாறும். பல நூல்களின் முதல் உரிமையாளர் பெண் என்று இன்று அறிய முடிவது அந்த ஈற்றெழுத்துகளால்தான். சந்தைக்காக எழுதியவர்கள் ஆண்பால் வடிவத்தையே பெரும்பாலும் வைத்துவிட்டார்கள். நான் பெண்பால் வடிவத்தை எழுதினேன். ழான் புசெல் 1324க்கும் 1328க்கும் இடையில் பிரான்சின் அரசி ழான் தெவ்ரூவுக்காகத் தீட்டிய, உள்ளங்கைக்குள் அடங்கும் செபநூலில், கபிரியேல் தூதுரைக்கும் காட்சியின் கீழுள்ள முதலெழுத்துக்குள் அரசியே புத்தகத்தோடு முழந்தாளிட்டிருக்கிறார். 1371இல் இறக்கும்வரை அதை வைத்திருந்து, ஐந்தாம் சார்லஸ் மன்னருக்கு விட்டுச் சென்றார். எல்லா உரிமையாளருக்கும் இந்த நிலைபேறு வாய்க்கவில்லை. இன்று கேம்பிரிட்ஜின் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு செபநூல், இன்றைய பிரான்சின் மேற்கிலுள்ள பிரித்தானியின் கோமகன் முதலாம் பிரான்சிசின் முதல் மனைவி யோலாந்துக்குரியது. அவர் இறந்தபின் இரண்டாம் மனைவி இசபெல்லா ஸ்டூவர்ட்டின் குலச்சின்னம் அதில் ஏற்றப்பட்டது. என் ஏட்டின் அடியோரத்தில் கேடயம் ஒன்றை வரைந்து, சின்னத்துக்கான இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். விற்பனைக்கு வைத்த நூல்களில் அதுவே வழக்கம்.

வண்ணமெல்லாம் உலர்ந்தபின் நீலத்தின்மேல் வெள்ளைக் கீற்றுகளை இட்டு, ஏட்டைப் பலகைகளுக்கிடையில் பாரம் வைத்து அழுத்தியிருக்கிறேன். இல்லாவிட்டால் இந்த ஊர்க் காற்றில் தோல் அப்பளம்போலச் சுருண்டு, பொன் விளிம்பில் விரிசல் விடும். தோல் ஏடுகளாலான புத்தகங்களுக்கு உலோகக் கொக்கி வேண்டியிருந்தது இதற்காகத்தான்: ஏடுகள் உப்பாமல் இறுக்கிப் பிடிக்க. லிம்பூர்க் சகோதரர்கள் 1411 புத்தாண்டன்று பெர்ரி கோமகனுக்குக் கொடுத்த பரிசு, புத்தகம்போல் தீட்டிய ஒரு மரக்கட்டை. வெள்ளை வெல்வெட் உறை, கோமகனின் சின்னம் பொறித்த, பொன்முலாம் பூசிய இரண்டு வெள்ளிக் கொக்கிகள், உள்ளே ஓர் ஏடும் கிடையாது, எழுத்தும் கிடையாது. கோமகன் அதைத் தம் உடைமைப் பட்டியலில் முறையாகச் சேர்த்துக்கொண்டார். உப்பாத அந்தக் கட்டைக்கு இரண்டு கொக்கிகள்; என் ஒற்றை ஏட்டுக்கு இப்போதைக்கு இரண்டு பலகைகளும் நான்கு பற்றுக்கட்டைகளும் போதும்.